அக்காவின் செருப்புக்கு ஒரு மெத்தை

1953 ஐப்பசி, செவ்வாய். அருமனை.

அக்காவுக்குக் குஷ்டம் குணமாகிவிட்டது. பாதத்தில் உணர்ச்சி மட்டும் திரும்பவில்லை. முள் குத்தினாலும் தெரியாது. போன புண் ஆறிவிட்டது, இனி இன்னொன்று வந்தால் காலை எடுக்க வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

செருப்புக்குள் வைக்க நான் முதலில் செய்த ரப்பர் மெத்தை கல்லாய் இறுகியது. ரப்பரை இறுக்கும் கந்தகத்தைக் குறைத்தேன், அடுத்தது பிசுபிசுத்தது. இன்று ரப்பர் பாலில் கந்தகத்தோடு சோப்பும் கரைத்து, நுரை பொங்கப் பொங்க அடித்து, தட்டில் ஊற்றி, இட்லிப் பானையில் அவித்தேன். விரலால் அமுக்கினால் தாழ்ந்து, மெல்ல எழும்பியது.

சாயங்காலம் அதை வெட்டிச் செருப்புக்குள் வைத்துக் கொடுத்தேன். அக்கா போட்டுக்கொண்டு, தோட்டத்துக் கல்பாதையில் கிணறுவரை போய்வந்தாள். மழைப் புகைக்குள் மிதந்து வருபவள்போல் இருந்தாள். உட்காரவைத்துப் பாதங்களைத் திருப்பிப் பார்த்தேன். ஒரு சிவந்த தடம்கூட இல்லை.

"எப்பிடி இருக்கு அக்கா?"

"காலுக்கு ஒண்ணும் தெரியல்ல மக்கா. கால் முட்டுக்குத்தான் மெத்துன்னு இருக்கு. ஞாயித்துக்கிழம கோயிலுக்கு நடந்தே போகட்டா?"

புண் வந்ததிலிருந்து அவள் எங்கேயும் போகக் கேட்டதில்லை. தலையாட்டினேன்.

இந்த ரப்பர் எத்தனை நாள் தாங்குமோ, தெரியவில்லை. அடுத்த அறையில் அக்கா பெட்டியைத் திறந்து, வெள்ளைச் சேலையை எடுத்து உதறுகிறாள். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் ஐந்து நாள் இருக்கிறது.