வீட்டுக்குப் போட்ட லொத்தர்

ஐப்பசி 14, செவ்வாய் இரவு

நாங்கள் வரிசையாகக் குடியிருக்கும் தோட்டத்து லயத்துக்குப் பின்னாலுள்ள மேடு சரியும் ஆபத்து இருக்கிறதாம். வேறு இடத்தில் புது வீடு கட்டித் தருவார்களாம். ஆனால் எல்லோருக்கும் காணாது. அதனால் இன்று கோயிலில் பிஸ்கட் டின்னுக்குள் நம்பர் போட்டுக் குலுக்கினார்கள். தோட்டத் தலைவர் அதை லொத்தர் என்றார். நாங்களும் அப்படியே சொன்னோம்.

குருவிட்ட டவுன் பஸ் ஸ்டாண்டில் வாங்குகிற பரிசுச் சீட்டைத்தான் இதுவரை லொத்தர் என்போம். விழாவிட்டால் கிழித்துப் போட்டுவிட்டு பஸ் ஏறிவிடுவோம்.

எங்களுக்கு நம்பர் விழுந்தது. பக்கத்து வீட்டுச் செல்வி அக்காவுக்கு விழவில்லை. வெளியே வரும்போது, சீட்டு விழாதவர்களிடம் சொல்கிற பழக்கத்தில், "அடுத்த வாட்டி கெடைக்கும்க்கா" என்று சொல்லிவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. "அதுவரைக்கும் மேடு நிக்குமா பாக்கியம்?" என்று மட்டும் கேட்டார்.

சாயங்காலத்திலிருந்து மழை. புது வீட்டுக்கு இன்னும் அத்திவாரம்கூட வெட்டவில்லை. நம்பர் விழுந்த நானும் அதே மேட்டுக்குக் கீழேதான் படுக்க வேண்டும். பின்சுவர் வெடிப்பில் துணி அடைத்தேன். துணி வழியாகச் செம்மண் தண்ணீர் கசிகிறது. செல்வி அக்கா வீட்டு வெடிப்பு இதைவிடப் பெரியது.

இப்போது சுவருக்கு அந்தப் பக்கமிருந்து செல்வி அக்காவின் குரல்.

"முழிச்சிருக்கியா?"

"ஆமாக்கா. பயமா இருக்கு."

"நீ கொஞ்சம் தூங்கு. மேட்டுல சத்தம் கேட்டா நான் எழுப்புறேன்."