பழசு எதுவும் வேண்டாம் என்றாள்

செவ்வாய்க்கிழமை, இரவு.

இந்த வயதிலும் நான் கார்ட்டூன் பார்க்கிறேன். வெளியே சொன்னால் அரியலூரே சிரிக்கும்.

தன் மகளின் மாறுவேடப் போட்டிக்குப் புதுக் கார்ட்டூன் வீரனின் உடை தைக்கக் கொடுத்திருந்த நாத்தனார், இன்று என் தையல் கடையில் எல்லார் முன்னாலும் கத்தினாள். "இதென்ன அண்ணி, முதுகுல துணி தொங்குது? அதெல்லாம் பழைய கார்ட்டூன் ஹீரோவுக்கு. பழசு எதுவும் வேணாம், பிரிச்சிடுங்க. படிக்காதவங்ககிட்ட குடுத்தேன் பாருங்க!"

"சரிடி ராசாத்தி, பழசு ஒண்ணு விடாம பிரிச்சிடுறேன்" என்றேன்.

முதுகுத் துணி, முகமூடி, நெஞ்சில் சின்னம், அகலமான பெல்ட் எல்லாமே பழைய வீரனிடமிருந்து புது வீரன் எடுத்துக்கொண்டவைதான். ராத்திரி வீட்டில் உட்கார்ந்து அத்தனையையும் பிரித்துவிட்டேன். மிஞ்சியது வெறும் பனியனும் பேண்ட்டும். நாளைக்குத்தான் போட்டி. காலையில் வந்து அந்தப் படித்தவள் கெஞ்சட்டும். நான் மெதுவாக டீ குடிப்பேன்.

பிரிக்கும்போது பிளேடு என் நைட்டியிலும் போய்விட்டது. இடுப்பிலிருந்து முழங்கால் வரை. காற்று நன்றாக வருகிறது.