எதிரியின் படத்தில் நம் பெஹ்ஸாத்

அஹ்வாஸ்

அன்பு மகள் மெஹ்ரிக்கு, அம்மா எழுதுவது. ஹாம்பர்க்கில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாயிருக்க இறைவன் துணை. இங்கே நாங்கள் சுகம். இத்தனை நாளும் இந்த வரியைப் பொய்யாகத்தான் எழுதினேன், இன்று நிஜமாக எழுதுகிறேன். உன் தம்பி பெஹ்ஸாத் உயிரோடு இருக்கிறான். நின்றுகொண்டு படிக்காதே, உட்கார்.

போர்முனையில் காணாமல் போய் ஒரு வருஷமாகிறது, இனி எதிர்பார்க்க வேண்டாம், வியாழக்கிழமை பள்ளிவாசலில் இரங்கல் கூட்டம் வைத்துவிடலாம் என்று உன் பெரியப்பா ஜலால் அப்பாவை அரித்தெடுத்துச் சம்மதிக்க வைத்திருந்தார். நானும் அழுதுகொண்டே இழவு அல்வாவுக்கு மாவும் குங்குமப்பூவும் வாங்கி வைத்தேன். நேற்று சாயங்காலம் பக்கத்து வீட்டுத் தூபா செருப்புகூடப் போடாமல் ஓடிவந்து, "எங்க வீட்ல பாக்தாத் டிவி தெரியுது, கைதியா இருக்கிற நம்ம பசங்களப் படம் புடிச்சுக் காட்டறானுங்க, சீக்கிரம் வாங்கக்கா" என்று என்னையும் அப்பாவையும் இழுத்துக்கொண்டு போனாள். படம் சிரிப்பாய்ச் சிரித்தது. வெள்ளை விரிப்புப் போட்ட கட்டில்கள், ரேடியோ, மேஜைமேல் பூ. அரபி தெரிந்த தூபா, "இவங்களுக்கு ஒரு குறையும் இல்லியாம்" என்று நொடித்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து, ஒரு பெரிய தட்டு நிறையப் பொரித்த கோழியை நீட்டினார்கள். முதல் தடவை நீட்டியதும் எடுக்கிற வழக்கம் நம்மிடம் உண்டா, நீயே சொல். முதல் பையன் நெஞ்சில் கைவைத்துப் பக்கத்தவனைக் காட்டினான், அவன் அடுத்தவனைக் காட்டினான், அவனோ வெட்கப்பட்டுக் கும்பிடாத குறை. வயிறாரச் சாப்பிடுகிறார்கள் என்று படத்தின் பின்னணியில் ஒருவன் முழங்குகிறான், இங்கே ஒரு வாயும் அசையவில்லை. ஒரு துண்டும் குறையாமல் தட்டு வரிசையின் கோடிக்கு வந்தபோது ஒரு கை நீண்டு லபக்கென்று கோழிக்காலை எடுத்தது. விருந்து வீடுகளில் நான் தொடையில் கிள்ளிக் கிள்ளியும் திருந்தாத அதே கை. கேமராக்காரனுக்குக் கொண்டாட்டம், கிட்டப் போய் முகத்தையே காட்டினான். மொட்டைத் தலை, ஒட்டின கன்னம், வாய் நிறையக் கோழி. என் பிள்ளை. சிரித்துச் சிரித்துத் தூபாவின் மடியிலேயே சாய்ந்துவிட்டேன். இன்னொரு துண்டை அவன் சட்டைக்குள் நழுவவிட்டதைப் பார்த்ததும்தான் சிரிப்பு நின்றது. தினமும் கிடைக்கிறவன் ஒளித்துவைக்க மாட்டான். ஆனாலும் உயிரோடு இருக்கிறவனின் பசிதானே, ஒருநாள் அதற்கு நான் சமைத்துப் போட்டுவிடுவேன், மெஹ்ரி.

அப்பா அங்கிருந்து நேரே பெரியப்பா வீட்டுக்குப் போய், "கோழிக்கால் கடிச்சிட்டிருக்கிறவனுக்கு எதுக்குண்ணே ஃபாத்திஹா ஓதணும்" என்று கேட்டாராம். எதிரி எடுத்த படத்தை நம்புவாயா என்று பெரியப்பா முறைத்தாராம். "படம் பூரா பொய்தான், என் மகனோட பசி நிஜம்" என்று சொல்லி, கூட்டத்தை நிறுத்திவிட்டு வந்தார். மாவைத் தூபாவிடமே கொடுத்துவிட்டேன். குங்குமப்பூவைப் போட்டு, தெருவுக்கே நேர்ச்சைப் பாயசம் காய்ச்சப் போகிறேன்.

அங்கே குளிர் தொடங்கியிருக்கும், காதை மூடிக்கொண்டு வெளியே போ. செஞ்சிலுவைச் சங்கம் வழியாகத் தம்பிக்கு நாலு வரி எழுது, மறந்துவிடாதே. என் வயிறு குளிர்ந்ததுபோல் உன் வயிறும் குளிரட்டும்.

இரண்டு பிள்ளைகளைப் பெற்று, இரண்டு பிள்ளைகளும் உள்ள உன் அம்மா,
ஷம்ஸி