உள்பக்கம் தேய்ந்த ஷூ

மார்ச் 4
இன்றும் முழங்கால் வலி. தீயணைப்புத் துறை ஓட்டத் தேர்வுக்கு ஐந்து வாரம்தான் இருக்கிறது. ஆயிரத்து ஐந்நூறு மீட்டர், எட்டு நிமிடம். அடுத்த வருடம் எனக்கு வயது வரம்பு தாண்டிவிடும். இதை விட்டால் வேறு வாய்ப்பே இல்லை.

மார்ச் 6
ஷூ கடைக்காரர் என் பழைய ஷூவைக் கவிழ்த்துப் பார்த்தார். "பாத்தீங்களா, உள்பக்கம் மட்டும் தேஞ்சிருக்கு. உங்க பாதம் உள்ளே சாயுது. ஓவர்ப்ரொனேஷன்னு சொல்வாங்க." உள்பக்கம் கெட்டியான ஸ்டெபிலிட்டி ஷூ ஒன்றை எடுத்து வைத்தார். அது பாதத்தைச் சாய விடாதாம்.
"ஓடிக் காட்டட்டுமா?" என்றேன்.
"எதுக்குங்க? அதான் ஷூவே சொல்லுதே."
வாங்கி வந்துவிட்டேன்.

மார்ச் 15
இப்போது முழங்காலின் வெளிப்பக்கமும் வலிக்கிறது. பழகினால் சரியாகுமோ? எனக்கென்று வந்து வாய்க்கிறதே!

மார்ச் 28
பழைய ஷூ நனைந்துவிட்டது என்று தங்கை புதியதைக் கிடங்கு வேலைக்குப் போட்டுக்கொண்டு போனாள். சாயங்காலம் வந்து, "அக்கா, இன்னிக்கு எனக்கு முட்டி வலிக்கவே இல்ல!" என்றாள்.
அப்போதுதான் உறைத்தது. இரண்டு வருடமாக இரண்டு பேருக்கும் ஒரே ஜோடிதான். காலையில் நான் ஒரு மணி நேரம் ஓடிவிட்டுக் கழற்றுவேன். அவள் அதையே போட்டுக்கொண்டு பொழுதுக்கும் சரக்கு எடுக்க நடப்பாள். உள்பக்கத்தைத் தேய்த்தது அவள் கால்! கடையில் இதைச் சொல்லத் தோன்றியதா எனக்கு? மண்டு, மண்டு.
அவளுக்கு முட்டி வலி என்பதும் இன்றுதான் தெரியும்.

ஏப்ரல் 9
இன்று தேர்வு. பழைய ஷூவோடுதான் ஓடினேன். வலியில் பயிற்சி போன வாரங்கள் போனதுதான். எட்டு நிமிடம் பதினொரு வினாடி.

ஏப்ரல் 17
தங்கை தயங்கித் தயங்கிக் கேட்டாள். "அடுத்த தடவை தீயணைப்பு வேலைக்கு நான் எழுதிப் போடட்டுமாக்கா?"
பற்றிக்கொண்டு வந்தது. "ஷூவும் உனக்குத்தான் பொருந்துது, வேலையும் உனக்கா?" என்று கத்திவிட்டேன். அவள் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினாள். ஏன் இப்படி இருக்கிறேன் — அவள் என்ன பாவம் செய்தாள்?

ஏப்ரல் 18
நானே போய் அந்தப் புது ஷூவை அவள் கட்டிலடியில் வைத்தேன். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை.

ஜூன் 21
நேரம் பார்த்துச் சொல்ல மைதானத்துக்கு வரச் சொன்னாள் தங்கை. போனேன். கடைசிச் சுற்றை முடித்துவிட்டு, இடுப்பில் கை வைத்து, மூச்சு வாங்க, "எவ்வளவுக்கா?" என்றாள்.
கடிகாரம் என் கையில்தான் இருந்தது. 'எட்டு இருபது' என்று ஒரு பொய் வாய் வரை வந்துவிட்டது. சத்தியமாக வந்தது.
"ஏழு ஐம்பத்திரண்டுடி" என்றேன்.