அண்ணாவின் வெனிஸ், என் எலிஃபண்டா

21-11-1964, சனி. மாதுங்கா.

ஜெர்மனியில் படிக்கும் அண்ணாவிடமிருந்து கடிதம். வெள்ளிக்கிழமை வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டு மூன்று நாள் வெனிஸ் சுற்றினானாம். "அம்மாவுக்குப் படிக்கறப்போ இதை விட்டுடு" என்று ஓரத்தில் எழுதியிருந்தான், தடியன். அம்மாவுக்குக் கண்ணில் புரை. கடிதங்களை நான்தான் வாசித்துக் காட்டுகிறேன். விட்டுவிட்டேன். அந்த இடத்தில், "சனி, ஞாயிறுகூட லைப்ரரிதான்" என்று நானே சேர்த்தும் வாசித்தேன்.

அம்மா பூரித்துப்போனாள். அந்தச் சமயம் பார்த்துக் கேட்டேன்: "நாளைக்கு காலேஜ் பொண்கள் எல்லாரும் லாஞ்ச்ல எலிஃபண்டா தீவுக்குப் போறா. நானும் போகட்டுமாம்மா?"

"ஒண்ணும் வேண்டாம். அண்ணாவைப் பாரு, ஞாயித்துக்கிழமைகூட லைப்ரரிலயே கெடக்கறான்."

பற்றிக்கொண்டு வருகிறது. அவன் அங்கே படகில் மிதக்கிறான்; எனக்கு ஒரு லாஞ்ச் சவாரிகூடக் கிடையாது. யாரிடம் போய்க் கத்துவது? அந்த லைப்ரரியைக் கட்டினவளே நான்தானே.