மச்சான் விரல் வைத்த கோடு

பிப்ரவரி 8, சனி

மகள் ரோகிணி மதுரைக் காலேஜிலிருந்து லீவுக்கு வந்தவள் சுவரில் பெரிய தாள் ஒட்டியிருக்கிறாள். இரண்டு கோடு. சிவப்பு இந்தியா, பச்சை இலங்கை. நாட்டுக்கு நூறு ரூபாய் வருமானம் என்றால், அதில் எத்தனை ரூபாய் ரோடு, கட்டடம், மெஷின் என்று நிலைத்து நிற்கிற முதலாகப் போனது என்று வருசாவருசம் புள்ளி வைத்திருக்கிறாள். "டூரிஸ்டு ஏத்துற என் ஜீப்பு எந்தப் புள்ளிம்மா?" என்றேன். "கண்ணுக்குத் தெரியாதுப்பா" என்றாள்.

நாளை குமாரவேல் மச்சான் வருகிறார். மாமா மகன். என் அப்பா இலங்கைத் தேயிலைத் தோட்டத்தை விட்டு இந்தியாவுக்குக் கப்பலேறினார். மாமா அங்கேயே இருந்துவிட்டார். மச்சான் கொழும்பில் கட்டடங்களுக்குக் கம்பி கட்டியவர். வட்டக்கானலில் டூரிஸ்டுக்காக நான் கட்டுகிற ரூமுக்கு, மேல்தளக் கம்பியைத் தானே கட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

பிப்ரவரி 9, ஞாயிறு

மச்சானைப் பார்க்க அக்கம்பக்கத்தார் வந்திருந்தார்கள். கூட்டத்தைக் கண்டால் என் வாய் நிற்காது. மச்சான் முறை வேறு, கேலிக்கு உரிமை உண்டு. தாளைக் காட்டினேன்.

"பாத்தீகளா மச்சான், உங்க பச்சக் கோடு! எறக்கத்துல பிரேக் இல்லாத ஜீப்பு கணக்கா போகுது. அங்க ஆம்பளைக எல்லாம் தூங்குறீகளா?"

எல்லாரும் சிரித்தார்கள். மச்சானும் சிரித்தார். பிறகு எழுந்து வந்து கோட்டின் மேட்டில் விரலை வைத்தார்.

"இங்க நான் பன்னெண்டாவது மாடியில கம்பி கட்டிக்கிட்டு இருந்தேன்." விரல் கீழே, 2022-க்கு வந்தது. "இங்க சிமெண்டும் இல்ல, கம்பியும் இல்ல. எல்லாம் தூணோட நின்னுருச்சி. எறங்கி வந்துட்டோம்."

நான் — சும்மா இருக்காம — "ஏணியிலயா, லிப்டுலயா?" என்றேன்.

சீ.

பிப்ரவரி 10

வெள்ளனே பார்த்தால் மச்சானின் பாய் சுருட்டிக் கிடந்தது. பண்ணைக்காட்டுச் சித்தி வீட்டுக்குப் போவதாக ரோகிணியிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். கம்பி கட்டுகிற குறடும் இல்லை.

ரூம் நின்றுபோகுமே என்றுதான் மனசு அடித்துக்கொள்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அதில்லை.

பிப்ரவரி 11

ரோகிணி சிவப்புக் கோட்டைத் தொட்டாள். "இதுவும்தான் விழுந்திருக்கு. 2020. நீங்க ஜீப்ப எடுக்காம உக்காந்திருந்த வருசம்."

கொரோனா. மலைக்கு ஒரு டூரிஸ்டு ஏறவில்லை. அப்போது ஞாயிறு தவறாமல் போன் வரும். "மச்சான், சாப்பிட்டீங்களா?" குமாரவேல் மச்சான்தான். வேறெதுவும் கேட்க மாட்டார்.

அவுக கோடு விழுந்தப்ப நான் எத்தன தடவ கூப்பிட்டேன்? யோசிச்சு யோசிச்சுப் பாக்குறேன். ஒண்ணு இல்ல. டிவியில அந்த ஊரு பெட்ரோல் கியூவப் பாத்துச் சிரிச்சேன். அது நல்லா ஞாபகம் இருக்கு.

பிப்ரவரி 13

பண்ணைக்காடு போனேன். மச்சான் சித்தி வீட்டு வாசலில் மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்தார். வழியெல்லாம் சேர்த்து வைத்த பேச்சில் பாதி வரவில்லை. "அன்னைக்கு நான் பேசுனது தப்பு. எனக்கு ஒண்ணுன்னா நீங்க கூப்பிட்டீக. நான் உங்களக் கூப்பிடல."

அவர் மிளகைக் கிளறிக்கொண்டே, "மழ வரும் போல. சுருக்கா கெளம்புங்க" என்றார். மச்சான் என்று சொல்லவில்லை. வானத்தில் மேகமும் இல்லை.

பிப்ரவரி 17

மச்சான் முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார். அவர் இல்லாத நாளில் நானே கட்டிப் பார்த்த கம்பிகளை ஒரு உலுக்கு உலுக்கினார். பேசாமல் முடிச்சு முடிச்சாக அவிழ்த்தார். திரும்பக் கட்டினார். நான் கட்டுக்கம்பி நறுக்கிக் கொடுத்தேன்.

"என்னலே நாச்சிமுத்து, வாயில கலவையப் பூசிட்டாகளா?" என்றான் பக்கத்து வீட்டுப் பொன்னுவேல்.

"ஆமா" என்றேன்.

பிப்ரவரி 22

தளம் போட்டாச்சு. மச்சான் நாளைக்கு ஊருக்கு.

மார்ச் 2, ஞாயிறு

மூன்று தடவை போனை எடுத்து வைத்தேன். அப்புறம் கூப்பிட்டேன்.

"மச்சான், சாப்பிட்டீங்களா?"

"இன்னைக்கு ஞாயித்துக்கெழமையா?" என்றார்.

"ஆமா."

"சாப்பிட்டேன், மச்சான். தளத்துக்குத் தண்ணி விட்டீங்களா?"

விட்டேன் என்றேன். போனை வைத்துவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.