பன்னிரண்டு விநாடி

அன்புள்ள பாப்பாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், அப்பாவின் முழங்கால் மட்டும் மாடிப்படியைப் பார்த்தால் முரண்டு பிடிக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும்.

போனில் சொன்னால் குரல் உடைந்துவிடும், அதனால் எழுதுகிறேன். எங்கள் வானொலியில் தமிழோடு சேர்த்து ஒன்பது மொழிப் பிரிவுகளை மூடிவிட்டார்கள். இருபத்து மூன்று வருஷம் செய்தி வாசித்தவளுக்கு ஒரு மின்னஞ்சல், அவ்வளவுதான். கடைசி நாள் வாசிக்க வேண்டியதையும் மேலிடமே எழுதி அனுப்பியது, நேயர்கள் குறைந்துபோனதால் சேவை நிறைவடைகிறதாம். எனக்குச் சுருக்கென்றது. கப்பலில் சமையல் பார்க்கும் ஒருவர், உள்ளே ரேடியோ சரியாக எடுக்கவில்லை, மேல்தளத்தில் நின்று கேட்டேன் என்று போன மாதம்கூட எழுதியிருந்தார். அவரிடம் போய் நீங்கள் கேட்கவில்லை என்று எந்த வாயால் சொல்வது? கடைசி நாளான வெள்ளிக்கிழமை அந்த வரியை விட்டுவிட்டு, மூடுவது நிர்வாகத்தின் முடிவு, நீங்கள் கடைசிவரை கேட்டுக்கொண்டுதான் இருந்தீர்கள், அது எங்களுக்குத் தெரியும் என்று சொன்னேன். பன்னிரண்டு விநாடி கூடிவிட்டது. நேரம் தாண்டினால் ஒலியை நிறுத்திவிட வேண்டும் என்பது ஒலிப்பதிவாளருக்கு உத்தரவு. நீ சிடுமூஞ்சி மாமா என்பாயே, அவர்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் கை பொத்தான் வரைக்கும் போனது, பிறகு கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

எங்களில் அவருக்கு மட்டும்தான் வேறு பிரிவில் வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை அவரிடம் விளக்கம் கேட்டிருக்கிறார்கள் என்று தெரிந்தது. நேராக அதிகாரியிடம் போய், தப்பு என்னுடையது, அவருக்கு ஒன்றும் தெரியாது என்றேன். அன்றைக்குச் சொன்னதை அப்படியே எழுதிக் கொடுங்கள் என்றார் அதிகாரி. எழுதிக் கொடுத்தேன், தமிழில். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இதை மொழிபெயர்க்க ஆளை வரச்சொல்லுங்கள் என்றார். அவருடைய செயலாளர் மெதுவாக, அப்படி இப்போது இங்கே யாரும் இல்லை என்றாள். அவர் என்னைப் பார்த்தார். எனக்கு வெள்ளிக்கிழமையோடு வேலை முடிந்துவிட்டது ஐயா என்றேன். தாளைக் கோப்பில் வைத்து மூடினார். சிடுமூஞ்சி மாமாவின் வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை.

செய்தி நேரம் வந்தால் இன்னமும் தொண்டையைச் செருமிக்கொள்கிறேன், அப்பா பார்த்தும் பார்க்காத மாதிரி இருக்கிறார். என்னை நினைத்துக் கவலைப்படாதே. வேளைக்குச் சாப்பிடு, கண் டாக்டரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதே. எல்லா நலமும் பெற்று நீங்கள் இருவரும் நிறைவாக வாழ வேண்டும்.

உன் அம்மா